"கேமரா சூப்பர்" என்றால் என்ன? ஒளிப்பதிவு பாணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கேமரா சூப்பர்" என்று சொல்லாமல் நம் ஊரில் யாரும் தியேட்டரை விட்டு வெளியே வருவதில்லை. எது சூப்பர் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் லொகேஷனைச் சொல்வார்கள், மீதிப் பேர் ட்ரோன் ஷாட்டைச் சொல்வார்கள். சினிமா பற்றிக் கொஞ்சம் எழுதுகிறவன் என்பதால் என்னிடம் இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்ப் படங்கள். தேவைப்பட்ட இடத்தில் வங்காளம், இந்தி, ஹாலிவுட்.

கேமராமேன்னா கேமராவைப் பிடிச்சு ஓட்டுறவர்தானே? அதுல என்ன தனி ஸ்டைல்?

பல படங்களில் ஒளிப்பதிவாளர் கேமராவைத் தொடுவதே இல்லை. பிடிப்பவர் ஆபரேட்டர், ஃபோகஸ் பார்ப்பவர் இன்னொருவர், விளக்கைத் தூக்கி வைப்பது லைட்மேன்கள். ஒளிப்பதிவாளரின் முதல் வேலை வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும், எங்கே வரவே கூடாது என்று முடிவு செய்வது. கேமரா எங்கே நிற்கும், எந்த லென்ஸ், படத்தின் நிறம் என்ன என்பதெல்லாம் அதோடு சேர்ந்தே வரும்.

ஒரே அறை, ஒரே நடிகர், ஒரே வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். இன்னொருவர் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு நடிகரின் தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கைக் கட்டுவார். முதல் காட்சியில் அந்த நடிகர் வீட்டில் இருப்பார், இரண்டாவதில் விசாரணையில் இருப்பார். வசனம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அப்போ ஸ்டைல்னா அழகான ஃப்ரேம், அவ்வளவுதானே?

இல்லை. காலை ஆறு மணிக்கு ஊட்டியில் கேமராவை வைத்தால் யாருக்கும் அழகான ஃப்ரேம் கிடைக்கும். பாணி ஒரு படத்தில் தெரியாது. நான்கைந்து படம் சேர்த்துப் பார்க்கும்போது, கதையும் ஊரும் மாறினாலும் ஒரே மாதிரியான முடிவுகள் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் கணக்கில் ஒருவரின் பாணியைப் பிடிக்கச் சுலபமான வழி, அவர் எதைச் செய்ய மாட்டேன் என்கிறார் என்று பார்ப்பதுதான். விளக்கு கையில் இருந்தும் போட மாட்டார் ஒருவர். கிரேன் வந்து நின்றாலும் கேமராவைத் தரையிலிருந்து தூக்க மாட்டார் இன்னொருவர். கீழே வரும் பல பதில்கள் இதையே சுற்றி வரும்.

பாலு மகேந்திரா லைட்டே போடாம எடுத்தாராமே, நிஜமா?

லைட்டே இல்லாமல் என்பது மிகைப்படுத்தல். அவர் செய்தது, வெளிச்சத்துக்கு ஒரு காரணம் வைத்தது. அறையில் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்துதான் வரும்; போதாமல் விளக்கு சேர்த்தாலும் அதுவும் அந்தப் பக்கமிருந்துதான். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அதற்கு முந்தைய ஸ்டூடியோ படங்களில் நள்ளிரவு, குடிசை, ஒரே ஒரு சிம்னி விளக்கு, ஆனால் நாயகியின் முகத்தில் முன்னாலிருந்து ஒரு வெளிச்சம், கூந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம், சுவரில் மூன்று நிழல். யாரும் கேள்வி கேட்டதில்லை.

மட்டக்களப்புக்காரர், பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தவர், 1974-ல் 'நெல்லு' என்ற மலையாளப் படத்தில் ஒளிப்பதிவாளராக வந்தார். 'கோகிலா'வுக்கும் (1977) 'மூன்றாம் பிறை'க்கும் (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கேத்தி ரயில் நிலையம், மழை, வானம் முழுக்க ஒரே சாம்பல். யார் முகத்திலும் தனியாகப் பளிச்சென்று எதுவும் இல்லை. கமலின் முகத்துக்கு எடுப்பாக விளக்கு வைத்திருந்தால் அந்தக் காட்சி நாடகமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இயற்கை ஒளி என்றால் செலவு குறைவு என்று நினைக்காதீர்கள். விளக்கு வாடகை மிச்சம், ஆனால் மேகம் விலகும்வரை மொத்த யூனிட்டும் உட்கார்ந்திருக்கும். 'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) படத்தில் நெஸ்டர் அல்மெந்த்ரோஸ் பல காட்சிகளைச் சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் இருபது இருபத்தைந்து நிமிடத்தில்தான் எடுத்தார். பகல் முழுக்க ஒத்திகை, சாயங்காலம் ஓட்டம்.

பி.சி. ஸ்ரீராம் படம் ஏன் அவ்வளவு இருட்டு? புரொஜெக்டர் பிரச்சினையா?

நம்ம ஊர் டூரிங் டாக்கீஸில் பார்த்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்! ஆனால் இருட்டு அவர் வேண்டுமென்றே வைத்தது. 'மௌன ராகம்' (1986) பாருங்கள். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் வெளிச்சம் பின்னாலிருந்து, ஜன்னல் வழியாக வருகிறது. முகம் பாதி நிழலில் இருக்கிறது. பேச மறுக்கிற மனைவி, என்ன செய்வதென்று தெரியாத கணவன், அந்த வீட்டுக்கு வேறெந்த வெளிச்சம் பொருந்தும்? அடுத்த வருடம் 'நாயகன்', அதற்குத் தேசிய விருது. அதற்கடுத்து 'அக்னி நட்சத்திரம்', லென்ஸுக்குள் நேராகப் பாயும் வெளிச்சக் கீற்றுகளோடு.

பாலு மகேந்திராவோடு ஒப்பிட்டால் ஒன்று புரியும். இருவருமே வெளிச்சத்துக்குக் காரணம் வைக்கிறவர்கள்தான். முதலாமவர் அங்கே இருக்கும் வெளிச்சத்தை ஏற்றுக்கொள்கிறார், ஸ்ரீராம் அதிலிருந்து முக்கால்வாசியை வெட்டி எறிகிறார்.

'நாயகன்' லைட்டிங் 'காட்ஃபாதர்' காப்பிதானே சார்?

மேலிருந்து விழும் வெளிச்சம், கண்குழியில் நிழல், இது அங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது அங்கே எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியின் காரம் கொஞ்சம் குறையும். 1972-ல் 'காட்ஃபாதர்' ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸுக்கு இருந்த சிக்கல் மார்லன் பிராண்டோவின் மேக்கப். தாடை தொங்கிய வயதானவராகக் காட்டுவதற்குப் போட்ட மேக்கப் மேலிருந்து வெளிச்சம் வந்தால்தான் எடுபட்டது. அப்படி வைத்ததில் கண் தெரியவில்லை. கண் தெரியாமல் படமா என்று ஸ்டூடியோவில் முணுமுணுத்தார்கள். அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியக் கூடாத காட்சிகள் அவை, அதனால் வில்லிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. மேக்கப்புக்காக வந்த வெளிச்சம் படம் முழுக்கப் பரவி, பிறகு உலகத்து தாதாக்கள் எல்லோருக்கும் பொதுவானது.

'நாயகன்' தாராவியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார். செட்டில் வெளிச்சம் அதிகமானால் பெயின்ட் வாசனை திரையிலேயே அடிக்கும். குறைந்த வெளிச்சமும் மழையும் சேர்ந்துதான் அந்தச் சந்துகளை நம்பவைத்தன என்று நினைக்கிறேன். வாங்கியதைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டால் அதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படம் பார்த்துவிட்டு எல்லா வில்லன் வீட்டுக் கூடத்திலும் மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டார்களே பிறகு, அது காப்பி.

ஸ்டைல் எங்கிருந்து வருது? பிறவியிலேயா, இன்ஸ்டிடியூட்லயா?

நான் பார்த்தவரை, பெரும்பாலும் தொல்லையிலிருந்துதான். சுப்ரதா மித்ரா இதற்குச் சரியான ஆள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் ஒளிப்பதிவாளராக வேலையைத் தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே கிடையாது. கல்கத்தாவில் பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் படம் எடுத்தபோது ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுத்ததுதான் அவர் படிப்பு.

அடுத்த படம் 'அபராஜிதோ' (1956). காசியில் ஒரு பழைய வீடு, நடுவில் முற்றம். அப்படிப்பட்ட வீட்டில் வெளிச்சம் எப்படி வரும்? மேலே தெரியும் துண்டு வானத்திலிருந்து, பொதுவாக, மெதுவாக, யாருக்கும் அழுத்தமான நிழல் விழாமல் வரும். மித்ரா காசியிலேயே எடுக்க ஆசைப்பட்டார். மழைக்குப் பயந்து கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டிவிட்டார். ஸ்டூடியோ விளக்குகளை நேராகப் போட்டால் முற்றத்தில் ஆளுக்கு நான்கு நிழல். மித்ரா என்ன செய்தார் என்றால், செட்டுக்கு மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல் அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் காசி முற்றத்து வெளிச்சமாகவே இருந்தது. இன்றைக்கு நம் படப்பிடிப்பில் லைட்மேன் ஒரு தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடிக்கும்போது நடப்பதும் அதேதான்.

இந்திப் பட ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி எதிர்த் திசையில் போனார். 'காகஸ் கே ஃபூல்' (1959) படத்தில் காலியான ஸ்டூடியோவுக்குள் மேலிருந்து இறங்கும் அந்த வெளிச்சத் தூணுக்கு எந்த விளக்கும் ஒத்துவரவில்லை. வெளியே வெயிலில் ஒரு பெரிய கண்ணாடி, உள்ளே உயரத்தில் இன்னொரு கண்ணாடி, சூரியனையே செட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

குரு–சிஷ்யன் வழியா ஸ்டைல் இறங்குமா?

கைப்பழக்கம் இறங்கும், பாணி அப்படியே இறங்காது. ஸ்ரீராமிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஜீவா, கே.வி. ஆனந்த், திரு மூவரையும் வரிசையாகப் பார்த்தால் மூன்று வேறு ஆட்கள். கே.வி. ஆனந்த் அதற்கு முன் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் தேசிய விருது வாங்கிய மலையாளப் படம் 'தேன்மாவின் கொம்பத்து' (1994), வெயிலும் வண்ணமுமாகப் பளபளக்கும். குருவின் இருட்டு அதில் ஒரு மூலையிலும் இல்லை. பாலு மகேந்திரா விஷயம் இன்னும் வேடிக்கை. அவரிடமிருந்து வந்து பெயர் வாங்கிய பாலா, வெற்றிமாறன், ராம் எல்லோரும் இயக்குநர்கள், கேமராவை வேறொருவர் கையில் கொடுத்தவர்கள்.

இயக்குநர் சொல்றதைத்தானே எடுக்கிறாங்க? அப்ப அது யார் ஸ்டைல்?

இதைப் பிரிக்க ஒரே இயக்குநர் பல ஒளிப்பதிவாளர்களோடு செய்த படங்களை அடுக்கிப் பாருங்கள். மணிரத்னம் வசதியான உதாரணம். 'நாயகன்' ஸ்ரீராம், 'தளபதி' (1991) சந்தோஷ் சிவன், 'பம்பாய்' (1995) ராஜீவ் மேனன், 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ரவி கே. சந்திரன். நான்கிலும் மாறாமல் இருப்பது மணிரத்னத்துடையது: துண்டு துண்டான பேச்சு, நகர்ந்துகொண்டே இருக்கும் ஆட்கள், மழை. மாறுவது ஒளிப்பதிவாளருடையது. 'தளபதி'யில் சூரியனே ஒரு பாத்திரம். கர்ணன் கதை என்பதால் நாயகன் பெயரே சூர்யா, சந்தோஷ் சிவன் அவருக்குப் பின்னால் சூரியனை நிறுத்திக்கொண்டே இருக்கிறார். 'நாயகன்' சூரியனை உள்ளேயே விடாத படம்.

பாரதிராஜா விஷயத்தில் இவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. '16 வயதினிலே' (1977) பி.எஸ். நிவாஸ், 'அலைகள் ஓய்வதில்லை', 'முதல் மரியாதை' எல்லாம் பி. கண்ணன். அந்த ஆற்றங்கரையும் வயல்வரப்பும் யாருடையது என்று கேட்டால் இயக்குநர், ஒளிப்பதிவாளர் இருவருடையதும்தான். இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட இயக்குநர்கள் குறைவு. ஆர்சன் வெல்ஸ் 'சிட்டிசன் கேன்' (1941) டைட்டிலில் தன் பெயர் வரும் அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் போட்டார். நம் ஊர் போஸ்டரில் அந்தப் பெயர் எந்த அளவில் இருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

லென்ஸ் மாத்தினா ஸ்டைல் வந்துடுமா? ஒரு கலரை முடிவு பண்ணிட்டா போதுமா?

போதாது. பின்னணியை மங்கலாக்கும் லென்ஸை வாடகைக்கு எடுத்தால் மங்கலான பின்னணி வரும், அவ்வளவுதான். டோலண்ட் அகல லென்ஸ் போட்டு முன்னால் இருப்பவரும் தூரத்து ஆளும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்படி எடுத்தது, இருவருக்கும் நடுவே நடப்பதை வெட்டாமல் காட்ட வேண்டியிருந்ததால்.

நிறமும் அப்படித்தான். 'ஆய்த எழுத்து' (2004) படத்தில் மூன்று பேர் கதைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ரவி கே. சந்திரன் பிரித்தார். மூன்று கதையும் ஒரே பாலத்தில் வந்து முட்டுவதால் அந்தப் பிரிவுக்கு வேலை இருந்தது. காரணமில்லாமல் படம் முழுக்க மஞ்சள் பூசினால் ஆஸ்பத்திரிக் காட்சியில்கூட எல்லோருக்கும் காமாலை வந்த மாதிரிதான் இருக்கும்.

டிஜிட்டல் வந்தப்புறம் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கே, ஏன்?

கேமராவைத் திட்டாதீர்கள், முடிவைத் தள்ளிப்போடும் பழக்கத்தைத் திட்டுங்கள். பிலிம் காலத்தில் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, தப்பாக வைத்தால் லேபில் கழுவிய ரஷ் (வெட்டாத காட்சிகள்) வரும்வரை வயிற்றில் புளி கரையும், அதனால் செட்டிலேயே முடிவெடுத்தார்கள். இப்போது எல்லாவற்றையும் சமமாக வெளிச்சம் போட்டு எடுத்துவிட்டு "டிஐ-ல பாத்துக்கலாம்" என்கிறார்கள். டிஐ என்றால் எடுத்து முடித்த படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்யும் வேலை. டிஐ அறையில் யாருக்கும் வம்பில்லாத தீர்வு நிழலுக்கு நீலப்பச்சை, முகத்துக்கு ஆரஞ்சு. பிறகு எப்படி வேறு மாதிரி இருக்கும்?

அதே டிஐ-யை முன்கூட்டியே யோசித்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ரோஜர் டீகின்ஸ் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) படத்தைக் கோடையில் பச்சைப்பசேலென்று இருந்த மிசிசிப்பியில் எடுத்தார். கதைக்குத் தேவை காய்ந்து புழுதி படிந்த ஊர். லேபில் ரசாயன வழிகளை முயன்று சரிவராமல், முழுப் படத்தையும் கணினியில் ஏற்றி இலைகளை மட்டும் காய்ந்த மஞ்சளாக்கினார்கள். என்ன வேண்டும் என்பது படப்பிடிப்புக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கறுப்பா இருக்கிற நடிகர்னா முகத்துல ஏன் இவ்வளவு லைட் அடிக்கிறாங்க?

பாதிப் பழி பிலிமுக்கு, பாதி நம் மனசுக்கு. கோடாக் போன்ற நிறுவனங்கள் நிறத்தைச் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் நிறம் அதில் சேரவில்லை, அதனால் விளக்கைக் கூட்டினார்கள், மேக்கப்பைப் பூசினார்கள்.

ஆனால் கறுத்த தோலுக்கு வெளிச்சத்தின் அளவைவிட அதன் பரப்பு முக்கியம். பக்கவாட்டில் பெரிய, மென்மையான வெளிச்சம் இருந்தால் கன்னத்தில் அது ஒரு மினுமினுப்பாகத் தெரியும். நேராகப் பளீரென்று அடித்தால் சாம்பல் பூத்துவிடும். ஷோபாவையும் அர்ச்சனாவையும் பாலு மகேந்திரா எப்படி எடுத்தார் என்று பாருங்கள், பவுடர் இல்லை, ஜன்னல் மட்டும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் தொழில்நுட்பச் சாக்கே கிடையாது. இன்னும் வெளுப்பாக்குகிறார்கள் என்றால் மிச்சப் பாதிதான் காரணம்.

ஒரு ஃப்ரேமைப் பார்த்து லைட் எங்கே வெச்சாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குளோசப்பில் நிறுத்துங்கள். முதலில் கண்மணி. அதில் ஒரு வெள்ளைப் புள்ளியோ சதுரமோ தெரியும். சதுரம் என்றால் ஜன்னல் அல்லது பெரிய துணி வைத்த சட்டம், சின்னப் புள்ளி என்றால் நேரடி விளக்கு, எதுவுமே இல்லையென்றால் வில்லிஸ் கதைதான். புள்ளி கண்மணியின் எந்த மூலையில் இருக்கிறதோ அந்தத் திசையில் விளக்கு.

அடுத்து மூக்கின் நிழல். அதன் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் சின்ன விளக்கு அல்லது தூரத்து விளக்கு; கரைந்து போனால் பெரிய, பக்கத்து வெளிச்சம். பிறகு தலைமுடியின் விளிம்பு. அங்கே ஒரு கோடு மினுங்கினால் பின்னால் எதையாவது வைத்திருக்கிறார்கள், அந்த அறையில் அதற்குக் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜன்னல், கதவு, தெருவிளக்கு எதுவும் இல்லாமல் முடி மட்டும் மினுங்கினால், பாலு மகேந்திரா பதிலில் சொன்ன பழைய ஸ்டூடியோ வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்ப ஸ்டைலே தெரியாத ஒளிப்பதிவாளர் சுமாரானவரா?

இரண்டாவது கேள்வியில் சொன்னதை இங்கே நானே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஏ. வின்சென்ட், ஸ்ரீதரோடு 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எடுத்தார்: கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரி செட், கறுப்பு வெள்ளை, கட்டிலுக்கு அடியிலிருந்துகூட எட்டிப் பார்க்கும் கேமரா. இரண்டு வருடம் கழித்து அதே இயக்குநரோடு 'காதலிக்க நேரமில்லை': ஈஸ்ட்மென் கலர், ஆழியாறு, வெயில், கும்மாளம். இரண்டும் ஒரே ஆள் எடுத்தது என்று கண்ணைக் கட்டிச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அவரைச் சுமார் என்று யார் சொல்வது? டீகின்ஸும் இந்த ஜாதிதான். படத்துக்குப் படம் முகத்தை மாற்றிக்கொள்கிறவர்.

கையெழுத்து தெரிவதில் ஆபத்தும் உண்டு. தயாரிப்பாளர் "அந்தப் படத்துல பண்ணீங்களே, அதே மாதிரி" என்று வர ஆரம்பித்துவிட்டால், கதை எதுவானாலும் அதே பின்வெளிச்சம், அதே புகை. புகை மெஷின் வாடகைக்காரருக்கு மட்டும் நல்ல வருமானம்.

போன்ல குறும்படம் எடுக்கிறேன். எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படிக் கொண்டுவர்றது?

ஸ்டைலைத் தேடாதீர்கள், முதலில் ஒரு ஜன்னலைத் தேடுங்கள். வீட்டில் ஒருவரை அதன் பக்கத்தில் உட்காரவைத்து காலை, மதியம், சாயங்காலம் என்று எடுத்துப் பாருங்கள். பிறகு அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டச் சொல்லி எடுங்கள், பிறகு பக்கவாட்டில். வெளிச்சம் கூடினால் ஒரு போர்வை, குறைந்தால் மித்ரா துணிக்குப் பதில் ஒரு வெள்ளை வேட்டி அல்லது தெர்மாகோல். அப்புறம் இந்தப் படத்தில் செய்யவே மாட்டேன் என்று இரண்டு விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூம் பண்ண மாட்டேன், டியூப் லைட் போட மாட்டேன், எதுவானாலும் சரி. நடுவில் மாற்றக் கூடாது.

போனில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) கண்டிப்பாக லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நடிகர் தலையைத் திருப்பும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, உங்கள் படத்துக்கு அதுவே ஒளிப்பதிவாளராகிவிடும். டியூப் லைட்டைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு எண்ணில் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும், அதை எந்த டிஐ-யிலும் சுலபமாக எடுக்க முடியாது.